வேதியியல் படித்தால் என்ன கிடைக்கும்? – சூரிய மின்கலத்துக்குச் சாயம் தந்த ஒரு பேராசிரியர்

 

சென்ற மாதம் நம் அறக்கட்டளைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் சோலார் பலகைகள் பொருத்தப்பட்டன. மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் மாடிக்கு ஏறி வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள். பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி மட்டும் அங்கேயே நின்று, "சார், இதுல சுத்துற சாமான் எதுவுமே இல்லையே, அப்புறம் கரண்ட் எப்படி வருது?" என்று கேட்டார். பலகை பொருத்த வந்தவருக்கும் பதில் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே மாணவியின் தாயார் கல்வி உதவி விண்ணப்பத்தோடு வந்தார். மகள் பி.எஸ்சி. வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள், வீட்டில் யாருக்கும் அதில் விருப்பமில்லை என்றார். "பாய், கெமிஸ்ட்ரி படிச்சா கடைசியில டீச்சர் வேலைதானே? அதுக்கும் வருஷக்கணக்கா காத்திருக்கணும். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லி" என்று எங்களிடமே கேட்டுக்கொண்டார்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்தில் "படிப்பு முடிந்ததும் என்ன வேலை கிடைக்கும்?" என்று ஒரு கட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் நிச்சயமான பதில் எழுதியவர்களுக்கே முன்னுரிமை கொடுத்து வந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்பு இயற்பியல் படிக்க விரும்பிய ஒரு மாணவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அவருக்கு உதவியைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தோம். அவர் கல்லூரியில் சேரவில்லை. இன்று துறைமுகத்தை அடுத்த கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கெழுதுகிறார். ஹலாலான உழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் விரும்பிய கதவை மூடியதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

எனவே அந்த மாணவியின் கேள்விக்கும் தாயாரின் கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேடினோம். தேடியபோது, இரண்டுக்கும் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையே அமைந்திருப்பதைக் கண்டோம். அவர் பேராசிரியர் முஹம்மது காஜா நஸீருத்தீன். அவரைப் பற்றிச் சொல்லும் முன், மாடியில் இருக்கும் பலகையைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

பலகைக்குள் நடப்பது என்ன?

செம்புக் கம்பியில் மின்சாரம் எளிதாகப் பாயும். கண்ணாடியிலும் ரப்பரிலும் பாயாது. இரண்டுக்கும் நடுவில் சில பொருட்கள் உண்டு. அவை சாதாரண நிலையில் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்துவதில்லை. வெளிச்சமோ வெப்பமோ பட்டால், அல்லது வேறொரு பொருளைத் துளியளவு கலந்தால், கடத்தத் தொடங்கும். இவற்றைக் குறைக்கடத்திகள் என்கிறோம். நம் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லும், மாடியில் இருக்கும் சோலார் பலகையும் சிலிக்கான் என்ற குறைக்கடத்தியால் ஆனவை.

சிலிக்கானில் வெயில் பட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான்கள் தம் இடத்தைவிட்டு விடுபடுகின்றன. விடுபட்டால் மட்டும் போதாது, அவை ஒரே திசையில் ஓட வேண்டும். அதற்காகச் சிலிக்கானின் ஒரு பக்கத்தில் பாஸ்பரஸையும் மறுபக்கத்தில் போரானையும் மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். இரண்டு பக்கமும் சந்திக்கும் எல்லை ஒருவழிக் கதவு போலச் செயல்பட்டு எலக்ட்ரான்களை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. வெளியே கம்பியை இணைத்தால் அதுவே மின்சாரம். சுற்றுவதற்கும் தேய்வதற்கும் அதில் பாகமே இல்லை என்பதால்தான் நல்ல பலகை 20, 25 ஆண்டுகள் உழைக்கிறது.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதன்முதலாகப் பயன்படும் சிலிக்கான் மின்கலத்தைச் செய்தபோது, அதன் திறன் ஏறத்தாழ 6 சதவீதம். அதாவது 100 பங்கு வெயில் விழுந்தால் 6 பங்கு மின்சாரமாக மாறியது. இன்று கடையில் வாங்கும் பலகைகள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் சிலிக்கானை மின்கலத்துக்கு ஏற்றதாக்குவது எளிய வேலையல்ல. மணலிலிருந்து பிரித்து, மிக நுட்பமாகச் சுத்தப்படுத்தி, 1,400 டிகிரிக்கு மேல் உருக்கி, படிகமாக வளர்த்து, மெல்லிய வில்லைகளாக அறுக்க வேண்டும். இத்தனை வெப்பமும் செலவும் இல்லாமல், பெயின்ட் பூசுவது போல மின்கலத்தைச் செய்ய முடியாதா என்ற கேள்வி அறிஞர்களுக்கு வெகுநாளாக இருந்தது. நஸீருத்தீன் அவர்களின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கிராமத்திலிருந்து ஆய்வகத்துக்கு

இவர் தெலங்கானாவில் துர்மாமிடி என்ற ஊரில் பிறந்தவர். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்து, அங்கேயே கனிம வேதியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். 1986-ல் ஹைதராபாதில் உள்ள டெக்கான் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அந்தக் கல்லூரி, முஸ்லிம் கல்வி அறக்கட்டளை ஒன்று 1984-ல் தொடங்கியது. இதை நம்மைப் போன்ற அறக்கட்டளைகள் கவனிக்க வேண்டும். தொடங்கி இரண்டே ஆண்டான ஒரு கல்லூரியின் வகுப்பறையில் பாடம் நடத்தியவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஆய்வாளர் ஆனார்.

அங்கிருந்து குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆய்வு உதவியாளராகப் போனார். 1987-ல் வெளிநாட்டில் ஆய்வு செய்ய இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் மைக்கேல் கிரெட்சல் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஓராண்டு ஆய்வுக்காகப் போனவர், அதே நிறுவனத்தில் மூத்த விஞ்ஞானியாகத் தங்கிவிட்டார்.

சாயம் போட்ட மின்கலம்

கிரெட்சல் குழுவினரின் யோசனையைப் புரிந்துகொள்ள நாம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் வரை போனால் போதும். வெள்ளைத் துணி வெயிலில் கிடந்தால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். சாயம் ஏற்றிய துணியோ வெளிச்சத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். துணிச்சாயத்தில் அப்படி உறிஞ்சிய வெளிச்சம் வெறும் சூடாகப் போய்விடுகிறது. அதை மின்சாரமாகப் பிடித்துவிட்டால் என்ன? மரத்தின் இலை பச்சை நிறப்பொருளை வைத்துக்கொண்டு வெயிலைப் பிடிப்பதும் ஏறத்தாழ இதே வழியில்தான்.

இங்கே வெள்ளைத் துணியின் இடத்தில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர் புதிதாகத் தெரியலாம், பொருள் நமக்குப் பழக்கமானது. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் வெண்மை தருவது அதுதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் என்ற தாது அதற்கு மூலப்பொருள். அதுவும் ஒரு குறைக்கடத்திதான். ஆனால் வெள்ளையாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது உறிஞ்சுவதில்லை. எனவே அதை மிக நுண்ணிய தூளாக்கிக் கண்ணாடியில் பூசி, அதன் மேல் சாயம் ஏற்றினார்கள். தூள் அவ்வளவு நுண்மையாக இருப்பதால், ஒரு சதுர அடிப் பூச்சுக்குள் சாயம் ஒட்டுவதற்குப் பல நூறு சதுர அடிப் பரப்பு கிடைக்கிறது.

வெயில் பட்டதும் சாயம் ஓர் எலக்ட்ரானை வெள்ளைத் தூளுக்குக் கொடுக்கிறது. அது கண்ணாடி வழியாகக் கம்பிக்குப் போய், விளக்கை எரித்துவிட்டு மறுபக்கம் வருகிறது. அங்கே அயோடின் கலந்த ஒரு திரவம் அதை வாங்கிச் சாயத்திடம் திருப்பிக் கொடுக்கிறது. சாயம் மறுபடியும் வேலைக்குத் தயார். 1991-ல் ஓ'ரீகனும் கிரெட்சலும் இந்த மின்கலத்தை 'நேச்சர்' இதழில் அறிவித்தபோது அதன் திறன் 7 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது.

எல்லாம் சாயத்தைப் பொறுத்தது. சாயம் நன்றாக ஒட்ட வேண்டும், இல்லையென்றால் மட்டமான துணியில் போல வெளுத்துவிடும். வெயிலின் பல நிறங்களையும் உறிஞ்ச வேண்டும். எலக்ட்ரானைத் தாமதமின்றிக் கொடுக்கவும், உடனே திரும்ப வாங்கவும் வேண்டும். கோடிக்கணக்கான முறை இதைச் செய்தும் கெடாமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு சாயத்தைக் கடையில் வாங்க முடியாது, மூலக்கூறு மூலக்கூறாகக் கட்ட வேண்டும். அதற்குத் தேவைப்பட்டது கனிம வேதியியல். நஸீருத்தீன் ஹைதராபாதில் படித்தது அதைத்தான்.

ருத்தேனியம் என்ற உலோகத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கரிமப் பகுதிகளைப் பொருத்தி, தூளைப் பற்றிக்கொள்ளக் கார்பாக்சிலிக் அமிலக் கைகளை அமைத்து அவர் செய்த சாயங்களில் ஒன்று 'என்-3'. 1993-ல் வெளியான அந்த ஆய்வில் திறன் 10 சதவீதத்தை எட்டியது. 'என்' என்பது அவர் பெயரின் முதல் எழுத்து என்று அத்துறையினர் சொல்வார்கள். சாய மின்கலம் பற்றிப் பேசும் ஆய்வகங்களில் 'என்-3', 'என்-719' என்ற பெயர்கள் இன்றும் அளவுகோலாக இருக்கின்றன. ஒருவர் புதிய சாயம் ஒன்றைச் செய்தால், அதை முதலில் இவற்றோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

ஒரு சதவீதத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள்

பெற்றோர்களும் மாணவர்களும் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். 1993-ல் 10 சதவீதம். பிறகு சிவப்பைத் தாண்டிய ஒளியையும் உறிஞ்சும் 'கருப்புச் சாயம்' ஒன்றைச் செய்தார்கள். 2001-ல் அது 10.4 சதவீதம் தந்தது. 'என்-719' சாயத்தைக் கொண்டு 2005-ல் 11 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். ஆக, பன்னிரண்டு ஆண்டுகளில் முன்னேறியது ஏறத்தாழ ஒரே ஒரு சதவீதம்.

நம் வீட்டுப் பிள்ளை பன்னிரண்டு ஆண்டு உழைத்து 10-ஐ 11 ஆக்கினால் நாம் என்ன சொல்லியிருப்போம்? அந்த ஆண்டுகளில் சாயம் எப்படி ஒட்டுகிறது, எலக்ட்ரான் எங்கே தொலைகிறது, எந்த அணுவை மாற்றினால் என்ன ஆகிறது என்று அவர்கள் சேர்த்த அறிவே அடுத்த கட்டத்துக்கு முதலீடாயிற்று. அவருக்கு அந்த நிறுவனம் பேராசிரியர் பட்டம் அளித்தது 2014-ல். அவர் அங்கே போய்ச் சேர்ந்து ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழித்து!

அந்த அடுத்த கட்டம் ஜப்பானில் தொடங்கியது. 2009-ல் மியாசாகா குழுவினர், சாயத்துக்குப் பதிலாகப் பெராவ்ஸ்கைட் என்ற வகைப் படிகத்தை வைத்துப் பார்த்தார்கள். அதுவும் ஒரு குறைக்கடத்தி. திறன் வெறும் 3.8 சதவீதம்தான், அதுவும் சீக்கிரம் கெட்டுப்போனது. ஆனால் சாய மின்கலத்தில் பழகியவர்கள் அதன் அருமையை உணர்ந்தார்கள். 2013-ல் லொசான் குழுவினர், நஸீருத்தீனும் பங்கேற்ற ஆய்வில், அதை 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஆய்வக அளவில் பெராவ்ஸ்கைட் மின்கலங்கள் 25 சதவீதத்தைக் கடந்துள்ளன. சிலிக்கானோடு அதை அடுக்கிச் செய்யும் மின்கலங்கள் 33 சதவீதத்தையும் தாண்டிவிட்டன. இதைக் குறைந்த வெப்பத்தில், கரைசலாகப் பூசியே செய்யலாம்.

குறைகளும் உண்டு. ஈரமும் வெப்பமும் பெராவ்ஸ்கைட்டுக்கு ஆகாது. நம் ராயபுரம், காசிமேடு போன்ற கடலோரக் காற்றில் அதை அப்படியே வைத்தால் நிலைக்காது. அதில் ஈயமும் இருக்கிறது. பழைய பேட்டரிகளை உடைக்கும் இடங்களால் ஈயத்தின் தீங்கை அறிந்தவர்கள் நாம். நஸீருத்தீன் குழுவினர் பின்னர் கவனம் செலுத்தியதும் இந்த ஆயுள் பிரச்சினையில்தான். 2017-ல், படிகத்தின் மேல் ஈரத்தைத் தடுக்கும் மெல்லிய அடுக்கொன்றை அமைத்து, 10,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது ஓராண்டுக்கும் மேலாகத் திறன் குறையாத மின்கலத்தை அறிவித்தார்கள். 25 ஆண்டு உழைக்கும் சிலிக்கானோடு ஒப்பிட்டால் இது சிறிது. பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, அடுத்து வருபவர்களுக்கு வேலை இருக்கிறது.

சாய மின்கலமும் சிலிக்கானைச் சந்தையிலிருந்து விரட்டிவிடவில்லை. நம் மாடியில் இருப்பதும், உலகில் விற்கும் பலகைகளில் மிகப் பெரும்பான்மையும் சிலிக்கான்தான். ஆனால் வண்ணக் கண்ணாடி போலச் சுவரிலும் சன்னலிலும் பொருத்தச் சாய மின்கலம் பயன்படுகிறது. லொசான் வளாகத்தில் 2014-ல் திறக்கப்பட்ட மாநாட்டு மண்டபத்தின் மேற்குச் சுவரில் ஏறத்தாழ 300 சதுர மீட்டருக்குச் சிவப்பும் பச்சையும் ஆரஞ்சுமாக அதைப் பொருத்தியிருக்கிறார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வடசென்னையில் வாழும் நமக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை புகைந்தது. அத்திப்பட்டு நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் கலந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டுச் சாம்பலை வைத்துக்கொண்டவர்கள் நம் பகுதி மக்கள். அதற்கு மாற்றுத் தேடும் வேலையில் நம் பிள்ளைகளுக்கும் இடம் இருக்க வேண்டாமா?

இனி அந்தத் தாயாருக்கான பதில். வேதியியல் படித்தவர் எல்லாரும் நஸீருத்தீன் ஆகிவிட மாட்டார்கள். ஆய்வுப் பாதை நீளமானது. மூன்றாண்டு பி.எஸ்சி., இரண்டாண்டு எம்.எஸ்சி., அதன்பின் ஐந்தாண்டு வரை முனைவர் பட்டம் என்று முப்பது வயதை நெருங்கிவிடும். கடனில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய சுமை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வழியில் கைதாங்கும் உதவிகளும் உண்டு.

• அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் ₹1,000 கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.

• பி.எஸ்சி. முடிப்பவர்கள் 'ஜாம்' தேர்வு எழுதினால் சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம்.

• எம்.எஸ்சி.க்குப் பின் 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டாண்டுகள் மாதம் ₹37,000 உதவித்தொகை உண்டு. வீட்டிலிருந்து செலவுக்குக் கேட்க வேண்டியிருக்காது.

• ஆய்வுக்குப் போகாதவர்களுக்கும் வேலை உண்டு. மணலி, எண்ணூர் வட்டாரத்தின் சுத்திகரிப்பு ஆலை, உரம், பெயின்ட், மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வேதியியல் பட்டதாரிகளே வேலை செய்கிறார்கள்.

படிக்கத் தொலைவாகப் போக வேண்டியதும் இல்லை. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, ராயப்பேட்டையில் நம் சமுதாயத்தின் புதுக்கல்லூரி ஆகியவற்றில் வேதியியல் பட்டப்படிப்பு இருக்கிறது. கொருக்குப்பேட்டையிலிருந்து காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் வீடு திரும்பலாம்.

கம்ப்யூட்டர் படிப்பைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. விருப்பமுள்ள பிள்ளை அதைப் படிக்கட்டும். வேறொன்றில் ஆர்வமுள்ள பிள்ளையை, முதல் மாதச் சம்பளத்தை மட்டும் கணக்கிட்டுத் திருப்பிவிடாதீர்கள். ஹைதராபாதில் கனிம வேதியியல் படித்தபோது, 'இது பின்னாளில் சோலார் மின்கலத்துக்கு உதவும்' என்று அந்த இளைஞருக்கு யாரும் உறுதி கொடுத்திருக்க முடியாது. அப்போது அப்படி ஒரு மின்கலமே இருக்கவில்லை.

இந்த ஆண்டு முதல் நம் விண்ணப்பப் படிவத்தில் "என்ன வேலை கிடைக்கும்?" என்ற கட்டத்தை நீக்குவதென்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. அந்த இடத்தில் "இந்தப் பாடத்தை ஏன் விரும்புகிறீர்கள்?" என்று கேட்கப் போகிறோம். அதை மாணவரே தன் கையால் எழுத வேண்டும். அடிப்படை அறிவியல் படிப்போருக்கும் மற்றவர்களுக்குச் சமமாக உதவி வழங்கப்படும். முன்பு ஒதுக்கி வைத்த அந்த இளைஞரையும் சந்தித்துப் பேசினோம். தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிக்க விருப்பம் தெரிவித்தார். கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும், இன்ஷா அல்லாஹ்.

அந்த மாணவியின் தாயாருக்கு இந்தக் கட்டுரையின் கைப்பிரதியைப் படிக்கக் கொடுத்தோம். படித்துவிட்டு, "சரி பாய், சேர்க்கிறேன். ஆனா மூணாவது வருஷம் நீங்க கைவிட்டுடக் கூடாது" என்றார். நியாயமான நிபந்தனை. அதை நிறைவேற்றும் பொறுப்பு எங்களோடு சேர்த்து, இந்த அறக்கட்டளைக்கு ஜகாத்தும் ஸதகாவும் தரும் உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

– செயலாளர், நிர்வாகக் குழுவுக்காக